கடலைக் கண்ணாடியுள் வைத்தவர்

களுபோவிலையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. நீளம் இரண்டு அடி, அகலம் ஓர் அடி, உயரம் ஒன்றேகால் அடி. ஏறக்குறைய 70 லீற்றர் நீர் அதிற் கொள்ளும். அந்த நீருக்குள்ளே, முருகைக்கற்பாறையின் வடிவில், வளைவும் குகையும் தட்டும் உடையதாய் ஒரு சிறு குன்று எழுந்து நிற்கின்றது. வீட்டுக்கு வருவோர் அதனை மெய்யான முருகைக்கல் என்றே எண்ணி, எந்தக் கடலிலிருந்து கொண்டுவந்தேன் என வினவுகின்றனர். அது கடலிலிருந்து வந்ததன்று. மெய்யான முருகைக்கல் ஒன்றும் என்னிடம் உண்டு. ஆனால் அது தொட்டிக்குள் இல்லை. என் எழுதுமேசையின்மீது, உலர்ந்து வெளுத்து, தாள்கள் பறவாமற் காக்கும் பாரமாய்க் கிடக்கின்றது.

அதனை ஹிக்கடுவைக் கடலிலே என் கையாலேயே முறித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிச் சுற்றுலாவிற் சென்றிருந்தோம். முழங்காலளவு நீரில் மானின் கொம்புபோற் கிளைத்து நின்ற அதனை ஆசையோடு பற்றி இழுத்தேன். மெல்லிய ஓசையுடன் ஒடிந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். நுனியிலே இலேசான ஊதா. ஒரு போத்தலிற் கடல்நீர் நிரப்பி அதனுள் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் நாட் காலையில் நீர் பாலைப்போற் கலங்கி, வீடெங்கும் தீநாற்றம் வீசியது. அந்தக் கொம்பு உயிர்களின் கூட்டம் என்பதனையோ, நான் ஒடித்தது ஒரு கல்லையன்று என்பதனையோ அன்று நான் அறியேன். பின்னாளிற் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் ஆங்கில இயற்கையறிஞரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானேன். கடல்வாழ் உயிர்களை வீட்டிலே உயிரோடு பேணும் கலையை உலகறியச் செய்தவர் அவர். என்னைப்போல் ஆயிரக்கணக்கானோர் கரைகளுக்குச் சென்று உயிர்களைப் பறித்துவர வழிகாட்டியவரும், அதனைக் கண்டு வருந்தியவரும் அவரே.

கொஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் வூஸ்ரர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஊரூராய்த் திரிந்து சிற்றுருவப் படங்கள் தீட்டும் ஓவியர்; வருவாய் சொற்பம். குடும்பம் பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் வந்து தங்கியது. அங்கே தந்தையின் சகோதரியாரான சூசன் பெல் அம்மையார், சிறுவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பாறையிடுக்குகளிற் பூத்திருந்த கடற்சாமந்திகளைக் காட்டினார். மலர்போல் விரிந்து, தொட்டவுடன் சுருங்கும் அவ்வுயிர்களைக் கடல்நீர் நிறைந்த கலத்தில் இட்டு வளர்த்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் அவர்தாம் ஊட்டினார். அவ்வம்மையாரின் மைந்தர் தோமஸ் பெல் பிற்காலத்திற் புகழ்பெற்ற விலங்கியலறிஞரானார். மருமகனுக்கோ அந்தக் கலம் வாழ்நாள் முழுதும் நீங்காத வேட்கையாயிற்று.

வேட்கை நிறைவேற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இடைப்பட்ட காலத்தை விரிக்கின் பெருகும். 1827இல், பதினேழு வயதில், நியூபவுண்ட்லாந்துத் தீவின் கார்பொனியர் என்னும் ஊரில் ஒரு வணிகசாலையிலே எழுத்தராய் அமர்ந்தார். 1832இல் நுணுக்குக்காட்டியைப் பற்றிய பழைய நூலொன்றை விலைக்கு வாங்கினார், பூச்சிகளைச் சேர்க்கலானார், அதே ஆண்டில் ஆழ்ந்த சமயப் பற்றும் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர்க் கனடாவில் வேளாண்மை செய்து தோல்வியுற்றார். 1838இல் அலபாமாவிற் பள்ளியாசிரியராய் இருந்தபோது, பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் பட்ட துன்பத்தைக் கண்டு உளம் நொந்து, ஓராண்டும் நிறையாமல் தாயகம் திரும்பினார். 1844இல் யமேக்காவுக்குச் சென்று ஒன்றரை ஆண்டு தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அங்கே தமக்குத் துணையாயிருந்த சாமுவேல் காம்பெல் என்னும் கறுப்பின இளைஞரின் கூர்மையைத் தம் நூலில் மனமாரப் போற்றியமை, அக்காலத்து அறிஞர் பலரிடம் காணாத பண்பு.

1848இல் எமிலி பௌவ்ஸ் அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு எட்மண்ட் பிறந்தார். மகன் பிறந்த செய்தியையும், யமேக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவியின் உடல் வந்துசேர்ந்த செய்தியையும் அன்றைய நாட்குறிப்பில் அடுத்தடுத்துப் பொறித்து வைத்தார் கொஸ். மகனார் இதனைப் பெரும்பகடியாக எடுத்துரைப்பார். குருவி பின்னர் வந்தது, ஆகவே பின்னர் எழுதினார் என்பதே உண்மையாதல் கூடும்.

இடையறாத எழுத்துப்பணியால் உடல்நலங்குன்றிய கொஸ், 1852ஆம் ஆண்டு இலண்டனை விட்டு டெவன் கடற்கரைக்குச் சென்றார். சென்ற் மேரிசர்ச், பின்னர் இல்பிரக்கூம். வற்றுப்பெருக்கின்போது கரையிற் குழிக்குழியாய் நீர் தேங்கிய பாறைகள் வெளிப்பட்டன. மார்பளவு நீரில் இறங்கி, உளியும் சுத்தியும் கொண்டு, கடற்பாசி ஒட்டியிருக்கும் பாறைத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்தார். பாசியைப் பிடுங்கினால் வாடும். ஒட்டியிருக்கும் கல்லோடு கொணர்ந்தாலே அது பிழைக்கும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

கடல்நீரில் உயிர்களை வைத்தால் நீர் கெடுகின்றதே, என் செய்வது? இதுவே அந்நாளைய சிக்கல். மெசீனாவில் ஜான் வில்பிரே பவர் என்னும் பிரெஞ்சு நாட்டு அம்மையார் 1832இலேயே கண்ணாடித் தொட்டிகள் செய்வித்துக் கடலுயிர்களை ஆராய்ந்தார். இலண்டனில் அன்னா தைன் அம்மையார் 1846இல், டோர்க்கீக் கரையிலிருந்து கல்முருகைகளைக் கொணர்ந்து மூன்றாண்டுக்காலம் உயிரோடு காத்தார். நீருக்குக் காற்றூட்டுவதற்காக ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு அந்நீரை மணிக்கணக்காய் ஊற்றச் செய்தார். அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் கைகள் எவ்வளவு வலித்தனவோ, அந்த வரலாற்றை எழுதியவர் எவருமிலர். இன்று என் தொட்டியில் அப்பணியை விரலளவு மின்பம்பி ஒன்று செய்கின்றது. வேதியியலறிஞர் ரொபேர்ட் வாரிங்டன், தாவரம் ஒட்சிசனை விட, விலங்கு காபனீரொட்சைட்டை விட, ஒன்றையொன்று தாங்கும் என்னும் நெறியை முதலில் நன்னீரிலும் பின்னர்க் கடல்நீரிலும் ஆராய்ந்தார். அதே காலத்தில் கொஸ்சும் அதே நெறியைக் கடல்நீரிற் சோதித்து வெற்றி கண்டார். முதன்மை யாருடையது என்ற பூசல் பெரிதாய் எழவில்லை. கொஸ் தமக்கு முன்னோரை மறைக்கவில்லை.

1853ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் உலகின் முதற் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் கண்ணாடித் தொட்டிகளுக்குக் கடலுயிர்கள் பலவற்றைச் சேர்த்து அனுப்பியவர் கொஸ். 1854இல் அவர்தம் நூல் வெளிவந்தது. தாமே தீட்டிய வண்ணப்படங்கள் அதற்கு அழகூட்டின. அக்குவாரியம் என்னும் பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது அந்நூலே. பழைய இலத்தீனில் அச்சொல் மாடுகள் நீரருந்தும் இடத்தைக் குறித்தது என்பதனை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும்.

கடலிலிருந்து தொலைவில் வாழ்வோர்க்கும் அவர் ஒரு வழி கண்டார். கடல்நீரின் கூறுகளைப் பகுத்தறிந்தோர் தந்த அட்டவணையைக் கொண்டு, கறியுப்பு, எப்சம் உப்பு, மகனீசியங் குளோரைட்டு, பொற்றாசியங் குளோரைட்டு ஆகிய நான்கையும் அளவறிந்து நன்னீரிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கினார். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் தெஹிவளைக் கரைநீர் கலங்கி மண்ணாய்க் கிடக்கும். அக்காலத்தில் நானும் உப்புக் கலவையையே லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்கின்றேன். கலவை இன்று நுட்பம் மிக்கது. ஆயினும் வாளியில் அதனைக் கலக்கும்போதெல்லாம் கொஸ்சின் கரண்டியே என் கையில் இருப்பதாகத் தோன்றும்.

அதன்பின் வந்தது ஒரு பித்து என்றே சொல்லவேண்டும். கண்ணாடிமீதிருந்த வரியை 1845இல் ஆங்கில அரசு நீக்கியிருந்தமையாற் கண்ணாடி மலிந்திருந்தது. புகைவண்டிப் பாதைகள் கரைவரை நீண்டிருந்தன. நூலோ எளிய நடையில், உளியை எவ்வாறு பிடிப்பது என்பது வரை கற்பித்தது. 1855இற் கொஸ் தாமே கரையில் வகுப்புகள் நடத்தி, சீமாட்டிகளையும் கனவான்களையும் பாறைக்குழிகளுக்கு அழைத்துச் சென்றார். வசதியுள்ள வீடுகளின் வரவேற்பறைகளிற் கடல் இடம்பெறுவது நாகரிகமாயிற்று. 1856இல் அரச கழகம் அவரை உறுப்பினராய் ஏற்றது. புகழின் உச்சி அதுதான்.

மறு ஆண்டே இடி விழுந்தது. மார்பிற் புற்றுநோய் கண்ட எமிலி அம்மையார், கொடிய சிகிச்சைகளின் வேதனையைத் தாங்கி, 1857 பெப்ரவரியிற் காலமானார். ஏழு வயது மகனோடு தனித்து நின்ற கொஸ், அவ்வாண்டிலேயே ஓம்பலொஸ் என்னும் நூலை வெளியிட்டார். பாறைகளும் புதைபடிவங்களும் உலகின் வயது மிகப் பெரிதெனக் காட்டின. அவர் நம்பிய திருநூலோ ஆறு நாட்களிற் படைப்பு நிகழ்ந்ததெனக் கூறியது. இரண்டையும் விடமாட்டாத அந்த உள்ளம் ஒரு விந்தையான விடை கண்டது. தாய்வயிற்றிற் பிறவாத ஆதாமுக்கும் கொப்பூழ் இருந்திருக்குமாறுபோல, உலகும் நிகழாத பழமையின் தடங்களோடு படைக்கப்பட்டது என்றார். அறிவியலார் நகைத்தனர், சமயத்தாரும் ஏற்றிலர். பாறைகளிற் கடவுள் பொய்யை எழுதினார் என நம்ப இயலாதென்று நண்பர் சார்ள்ஸ் கிங்ஸ்லியே மறுத்துவிட்டார். நூற்படிகளிற் பெரும்பகுதி பழந்தாளாய்ப் போயிற்று.

நானும் அந்நூலைப் பற்றி முதலில் நகைத்தவனே. பின்னர் என் தொட்டிக்குரிய குன்றைச் செய்யலானேன். சீமெந்து ஒரு பங்கு, இடித்த சிப்பியும் மணலும் மூன்று பங்கு, புத்தளத்துக் கல்லுப்பு இரண்டு பங்கு. நீரைச் சிக்கனமாய்த் தெளித்துப் பிசைந்து, கொல்லையில் ஈரமணலிற் குழி பறித்து, அதனுள் அக்கலவையை அப்பி உருவாக்கினேன். வளைவுக்கு அடியில் மணற்கட்டி வைத்து, இறுகியபின் அதனை அகற்றினேன். விரலாற் குடைந்தும் கரண்டிக் காம்பாற் கீறியும் புழு அரித்த துளைகளையும் அலை தின்ற விளிம்புகளையும் அமைத்தேன். பின் நன்னீரில் ஊறவிட்டபோது உப்புக் கரைந்து, பாறை முழுதும் நுண்துளைகள் விழுந்தன. சீமெந்தின் சுண்ணாம்புக் காரம் நீங்காவிடின் உயிர்கள் மாளும். ஆதலால் வாரந்தோறும் நீரை மாற்றி, பாசிச்சாயத் தாள் நீலமாகாத நாள்வரை காத்திருந்தேன். இரண்டு மாதம் சென்றது. மூன்று துண்டுகளையும் தொட்டியில் அடுக்கினேன். இடப்பக்கம் உயர்ந்த குன்று, வலப்பக்கம் தாழ்ந்த திட்டு, இடையே மணல் படிந்த ஒரு கால்வாய். கண்ணாடியைத் துடைக்கவும் நீர் சுற்றிவரவும் நாற்புறமும் நான்கு விரல் இடம்.

எட்டி நின்று பார்த்தேன். இரண்டு மாத வயதுடைய பாறை, ஓராயிரம் ஆண்டு அலையுண்டதுபோல் நின்றது. எந்தப் புழுவும் அரியாத துளை. எந்த அலையும் தேய்க்காத விளிம்பு. உலகைப் பற்றிக் கொஸ் சொன்னது பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டிக்குள் பாறைகளை அடுக்கி, இல்லாத பழமையை நாளும் தம் கையால் ஆக்கிப் பழகிய ஒருவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது அன்று எனக்கு ஓரளவு விளங்கியதாய் நினைக்கின்றேன்.

1857இன் பிற்பகுதியிற் கொஸ் மகனோடு சென்ற் மேரிசர்ச்சிலேயே நிலையாய்க் குடியேறினார். பிரித்தானியக் கடற்சாமந்திகளையும் முருகைகளையும் பற்றிய பெருநூலை 1860இல் நிறைவு செய்தார். அதற்காகக் கரைக்குச் செல்லுந்தோறும் ஒரு மாற்றத்தைக் கண்டார். ஐந்தாறு ஆண்டுகளுக்குமுன் வண்ணத் தோட்டங்களாய் விளங்கிய பாறைக்குழிகள் வெறுமையாயின. கூடையும் உளியும் ஏந்திய கூட்டம் குழி குழியாய்த் துழாவிச் சென்றிருந்தது. அவர்களுட் பலர் கையில் இருந்தது கொஸ்சின் நூல். எண்ணற்ற காலம் எவரும் தொடாதிருந்த அழகு சில ஆண்டுகளிற் சூறையாடப்பட்டதைத் தம் தந்தையார் தம்மால் நேர்ந்ததெனக் கருதி உள்ளூர வருந்தினார் என்று, எட்மண்ட் 1907இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். அறியாமையாலும் பேராசையாலும் அழித்தவர்களைப் பலரும் ஏசுவர். அன்பினால் அழிவுக்கு வழிதிறந்த ஒருவரை ஏசுவதற்கு எனக்கு வாய் எழவில்லை. பித்தும் நீடிக்கவில்லை. 1860களிலேயே அது தணிந்து, தொட்டிகள் பரணேறின. கரைக்குழிகள் மட்டும் முன்போல் ஆகவில்லை.

டெவன் கரையின் கதையை ஏன் இத்தனை விரிக்கின்றேன் என்று கேட்கலாம். நம் தென்மேற்குக் கரையில், அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையே, சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் நெடுங்காலம் தோண்டப்பட்டது. 2004 டிசெம்பர் 26இற் கடல் எழுந்தபோது, பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றரே உயர்ந்தது. அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெரலியவில், முருகைக்கல் அகழப்பட்ட கரைக்கு முன்னே, அது பத்து மீற்றரளவு உயர்ந்தது என ஆய்வாளர் அளந்து கூறினர். புகைவண்டியொன்று அங்கேதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு அழிந்தது. அதற்கு முன்னரே 1998இற் கடல் சூடேறியதால் நம் முருகைகளிற் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. கல்முருகைகளைச் சட்டம் இன்று காக்கின்றது. பன்னிரண்டு வயதில் நான் ஒடித்த ஒரு கொம்பு இவற்றின் முன் எம்மாத்திரம் என்று நண்பர்கள் தேற்றுவதுண்டு. டெவன் கரையில் உளியேந்திய ஒவ்வொருவரும் எடுத்ததும் ஒன்றோ இரண்டோதான்.

ஆகையால் என் தொட்டியின் குன்று சீமெந்தாலானது. அதில் முதல் ஆறு வாரம் எந்த உயிரையும் நான் விடவில்லை. கொஸ் அறியாத ஓர் உண்மை இங்கே உண்டு. உயிர்களின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சு. பாறைத் துளைகளிற் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தாவரமும் விலங்கும் மட்டுமே தராசின் இரு தட்டுகள் என அவர் எண்ணினார்; தராசைத் தாங்கியிருந்த கையை அவர் கண்டிலர். கல்லோடு பாசியைப் பெயர்த்து வந்தபோது, அக்கையையும் அறியாமலே கொண்டுவந்தார். அந்த மாற்றம் இரு படிகளில் நிகழ்கின்றது என மண்ணில் ஆராய்ந்து காட்டியவர்களுள் ஒருவர், முன்னர்க் கூறிய வாரிங்டனின் மகன் என்பது வரலாற்றின் விளையாட்டு. பற்றீரியாக்களை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது 1890இல். கொஸ் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின்.

முருகையின் தசைக்குள்ளேயே நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து அதற்கு உணவூட்டுகின்றன என்பதையும் அவர் அறியார். டெவன் கரையின் கிண்ண முருகைகளில் அவை இல்லை. தாம் தொட்டிக்குள் அமைக்க முயன்ற தாவர விலங்குச் சமநிலை, வெப்பக் கடலின் ஓர் எள்ளளவு உயிருக்குள்ளேயே அமைந்திருப்பதைக் கண்டிருந்தால் அவர் முழந்தாளிட்டிருப்பார்.

பிற்கால வாழ்வு அமைதியாய்க் கழிந்தது. 1860இல் எலைசா பிரைற்வென் அம்மையாரை மறுமணம் புரிந்தார். கண்ணாடி வீட்டில் ஓக்கிட் செடிகளை வளர்த்தார். தம் சமயக் கொள்கைக்கு முரணான டார்வினோடு அறிவியற் கடிதங்கள் பரிமாறினார். சக்கரவுயிர்கள் என்னும் நுண்ணுயிர்களைப் பற்றி ஹட்சனோடு சேர்ந்து 1886இற் பெருநூல் வெளியிட்டார். முதுமையில் விண்மீன்களின்மேல் ஆர்வம் பிறந்தது. குளிர்கால இரவுகளிற் சாளரத்தைத் திறந்துவைத்துத் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருந்ததிற் பற்றிய சளிநோய் அவரை வீழ்த்தியது. மீட்பரின் மறுவருகையைத் தம் வாழ்நாளிலேயே காண்பதாக உறுதியாய் நம்பியிருந்த அவருக்கு, சாவு ஏமாற்றமாகவே வந்தது. 1888 ஓகஸ்ற் 23ஆம் நாள் காலமானார்.

என் தொட்டியில் இப்போது குஞ்சு பொரிப்பகத்திற் பிறந்த இரு கோமாளி மீன்களும், ஒரு துறவி நண்டும், கொஸ் விரும்பி வளர்த்த இனத்தைச் சேர்ந்த பச்சைக் கடற்பாசியும் உள்ளன. கொழும்பு வெயிலில் நீர் சூடேறாதிருக்க மேலே ஒரு சிறு விசிறி சுழல்கின்றது. அதனால் ஆவியாகும் நீரை மாலைதோறும் நன்னீரால் ஈடுசெய்கின்றேன். குன்றின் நிழற்பக்கத்தில், சென்ற மாதம், நகக்கண் அளவில் இளஞ்சிவப்பாய் ஏதோ படிந்திருக்கக் கண்டேன். கல்லாய் இறுகும் பாசி வகை அது. பாறையை உயிருள்ளதாக்கும் முதற் படலம். நான் அதனை இடவில்லை. மேசைமீதிருந்த பழைய கொம்பை எடுத்து அதன் அருகே கண்ணாடிக்கு வெளியிற் பிடித்துப் பார்த்துவிட்டு, மீண்டும் தாள்களின்மேல் வைத்தேன்.